துணியா, தையலா?

நனைந்த குடை ஒன்று என் மேசைமேல் வந்து விழுந்தது. அதிலிருந்து தெறித்த தண்ணீர் கால்குலேட்டரிலும், பாதி தின்று வைத்திருந்த பழம்பொரியிலும் சிதறியது.

“இன்னைக்கு மட்டும் திருப்பி அனுப்புன மூணாவது கடை இது, கேட்டியா. விரிச்சு நின்னா உள்ள மழை பெய்யுதாம்.”

சொன்னவர் தாணுலிங்கம் சார், எங்கள் முதலாளி. நாகர்கோவில்காரர். கோபம் வந்தால் எல்லோருக்கும் குரல் ஏறும். அவருக்கு இறங்கும். அன்று கிட்டத்தட்ட கிசுகிசுப்பாகவே பேசினார்.

குடையைப் பிரித்துப் பார்த்தேன். உள்பக்கம், தையல் ஓடும் வரிகளின் ஓரமெல்லாம் ஈரம். கறுப்புத் துணியில் முத்து முத்தாகத் துளிகள். மே மாதத்துக் கோடை மழைக்கே இந்தக் கதி.

“தையல் சரியில்ல. மாசக் கடைசியோட தையல் செக்‌ஷன மூடிருவோம். வெளியே செங்கோட்டைக்காரன் ஒருத்தன் தச்சுக் குடுக்கேன்னு சொல்லுதான். தையல்லதான் தப்புன்னு நீ ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடு.”

அவர் போன பிறகும் குடை என் மேசையில் சொட்டிக்கொண்டே இருந்தது.

குடைக் கம்பெனியில் எனக்கென்ன வேலை?

இந்தத் தொடரைப் படிக்கும் தோழி ஒருத்தி கேட்டாள்: “நீ எம்.காம். படிச்சு, புள்ளியியலைப் பிடிச்சுண்டு அலைஞ்சவள். குடைக் கம்பெனிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தாய்?” வேறு வேலை கிடைக்காததால் சேர்ந்தேன் என்பதுதான் உண்மை. சேர்ந்த பிறகு அந்த இடம் எனக்குப் பிடித்துப்போனது என்பது அதைவிடப் பெரிய உண்மை.

கழக்கூட்டத்தைத் தாண்டி, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பழைய ஷெட். முன்னால் பெரிய முற்றம். ஒரு பக்கம் கம்பி கோக்கும் இடம், நடுவில் தையல் செக்‌ஷன், பின்னால் பேக்கிங்கும் கோடவுனும். தரம் பார்க்க நான் ஒருத்தி. குடையை விரிப்பேன், மடக்குவேன், கம்பியை வளைத்துப் பார்ப்பேன், குறித்து வைப்பேன். நாள் முழுக்க ‘டப், டப்’ என்று குடைகள் விரியும் சத்தம் காதில் ஒலிக்கும். சாயங்காலம் கரமனை வீட்டுக்கு வந்து குக்கர் விசில் கேட்டால்கூட எண்ணத் தோன்றும்.

தையல் செக்‌ஷனில் எல்லோரும் பெண்கள். முக்கால்வாசிப் பேர் மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவர் ஸ்டெல்லா அக்கா. ஆறடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம், ஷெட்டின் மறுகோடி வரை எட்டும் குரல். அந்த வருடம்தான் தன் இரண்டு பெண்களையும் ஊரிலிருந்து அழைத்து வந்து, பக்கத்திலேயே வீடு பிடித்து, இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஏற்பாடு செய்திருந்தார். யூனிபார்ம்கூட அவரே தைத்துவிட்டார்.

முதலாளி சொன்ன செய்தி எனக்கு முன்பே தையல் செக்‌ஷனுக்குப் போய்விட்டிருந்தது. நான் உள்ளே நுழைந்தபோது மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. அந்த ஷெட்டில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதேயில்லை.

“பிள்ளே, நீ எழுதிக் குடுக்கப் போறியாமே?” என்றார் ஸ்டெல்லா அக்கா.

“இன்னும் ஒண்ணும் எழுதலை அக்கா.”

“போன வருசமும் இதே கை, இதே மெசின், இதே நூலு. அப்பம் ஒழுகல்ல. இப்பம் மட்டும் எப்பிடி ஒழுகும்?”

அந்தக் கேள்வியில்தான் எனக்குப் பொறி தட்டியது. போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் மாறியது ஒன்றே ஒன்று. துணி. கொள்முதல் பார்க்கும் பிஜு, புது வியாபாரி ஒருவரிடமிருந்து புதுத் துணி வாங்கியிருந்தார். பழைய துணியும் கொஞ்சம் மிச்சமிருந்ததால், சீசன் ஆரம்பத்தில் அதிலும் குடைகள் தைத்திருந்தோம். இரண்டு வகையும் கோடவுனில் கலந்து கிடந்தன. பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்பு; உறையில் உள்ள குறியை வைத்துத்தான் எது எந்தத் துணி என்று சொல்ல முடியும்.

குற்றம் தையலில் இருந்தால் இரண்டு வகையும் ஒரே மாதிரி ஒழுக வேண்டும். துணியில் இருந்தால் புதியது கூடுதலாக ஒழுக வேண்டும். அவ்வளவுதான் விஷயம். என் கைகள் பரபரக்க ஆரம்பித்தன.

ரமணி குளியலறையில் நின்ற கதை

அன்று சாயங்காலம் இரண்டு குடைகளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். பழைய துணியில் ஒன்று, புதுத் துணியில் ஒன்று. என் கணவர் ரமணி ஐ.டி. பார்க்கில் வேலை பார்ப்பவர். ஆபீசிலிருந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்தவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஷவருக்கு அடியில் நிறுத்தினேன்.

“வேஷ்டி நனையறதுடி!”

“குடைதான் இருக்கே.”

“குடைக்குள்ள நின்னுண்டு குளிக்கற ஒரே மனுஷன் இந்தக் கரமனையிலே நானாத்தான் இருப்பேன்.”

ஷவரை முழுதாகத் திருப்பினேன். பழைய துணிக் குடையில் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. புதுத் துணிக் குடையில் கொஞ்ச நேரத்திலேயே ரமணியின் வழுக்கையில் ‘பொட்’ என்று ஒன்று விழுந்தது. நான் குதித்த குதியில் சோப்பு டப்பா உருண்டது.

“துணிதான்! நான் சொன்னேன் அல்லே! துணிதான்!”

ரமணி குடையை மடக்கினார். தலையைத் துடைத்துக்கொண்டார்.

“ஒத்தைக் குடையை வச்சுண்டு துள்றயே, மீனு. இந்தக் குடையிலே மட்டும் ஏதாவது ஓட்டை இருந்திருக்கலாம் அல்லே? இன்னொண்ணு எடுத்துண்டு வந்தா மாறிப்போகும்.”

கோபமாக வந்தது. ஏனென்றால் அவர் சொன்னது சரி. அதைத்தான் நான் பக்கம் பக்கமாகப் படித்துப் பரீட்சை எழுதியிருந்தேன்.

அப்பாவின் ஜன்னல் சீட்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். காலேஜில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் ‘ஹைப்பாதிசிஸ் டெஸ்டிங்’. கருதுகோள் சோதனை என்று தமிழில் சொல்வார்கள். பெயர்தான் பெரிது, சங்கதி எளிது. இரண்டு பொருளுக்கு நடுவே வித்தியாசம் இருப்பதாகத் தோன்றுகிறதா? வித்தியாசமே இல்லை என்று முதலில் வைத்துக்கொள். வித்தியாசம் இல்லாமலே, வெறும் அதிர்ஷ்டத்தால் மட்டும் நீ கண்ட அளவுக்கு ஏற்றத்தாழ்வு வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போடு. அந்த வாய்ப்பு மிக மிகக் குறைவாக இருந்தால்தான் ‘வித்தியாசம் உண்டு’ என்று வாயைத் திறக்கலாம். இல்லாவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் யாருமே வாயை மூடிக்கொண்டதில்லை என்பதால் இந்தப் பாடம் எனக்குப் புதுமையாக இருந்தது. அப்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் வலது பக்க ஜன்னல் சீட் கிடைத்தால் அன்று ஆபீசில் மேலதிகாரி திட்ட மாட்டார் என்பது அவருடைய தீர்மானம். நான் காலேஜ் உற்சாகத்தில் தினமும் கேட்டுக் கேட்டுக் குறித்துவைத்தேன். ஜன்னல் சீட் கிடைத்த நாளும் சரி, நின்றுகொண்டு போன நாளும் சரி, திட்டு ஏறக்குறைய ஒரே அளவில்தான் விழுந்திருந்தது.

“வித்தியாசம் இருக்கறதாத் தெரியலை அப்பா,” என்றேன்.

“நோக்குக் கணக்கு வராது,” என்றார் அப்பா. கடைசி வரை ஜன்னல் சீட்டுக்காக இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில்தான் ஏறினார்.

சரி, குடைக்கு வருகிறேன்.

ஓஸ் பைப் மழை

மறுநாள் முதலாளியிடம் போய் நின்றேன். ரிப்போர்ட் எழுதும் முன் சோதனை செய்து பார்க்க வேண்டும் என்றேன். பிஜுவும் பக்கத்தில் இருந்தார். பிஜு சின்ன வயதுக்காரர், நல்லவர், எதிலும் அவசரம். தமிழும் மலையாளமும் ஒன்றாகத்தான் அவர் வாயிலிருந்து வரும்.

“மேடம், டெஸ்ட் செய்யணும்னா செய்யலாம். பக்ஷே புதுசா தச்சுக் கொடுக்கச் சொன்னா, அவங்க புதுத் துணியிலே வேணும்னே லூஸா தைக்க மாட்டாங்களா?”

கதவோரம் நின்றிருந்த ஸ்டெல்லா அக்காவுக்கு அது கேட்டுவிட்டது.

“யாருடே லூசா தைப்பா? எங்கம்மை மேல சத்தியமாச் சொல்லுதேன்…”

“பிஜு கேக்கறது நியாயமான கேள்வி அக்கா,” என்று நான் குறுக்கே விழுந்தேன். “புதுசா ஒண்ணும் தைக்க வேண்டாம். ஏற்கெனவே தைச்சு, பேக் பண்ணி, கோடவுன்ல கிடக்கிற குடையிலிருந்து சீட்டுக் குலுக்கி எடுப்போம். யாரும் பொறுக்கி எடுக்க முடியாது.”

வகைக்குப் பத்துக் குடை எடுத்தோம். முற்றத்தில் வரிசையாக விரித்து நிறுத்தி, வாட்ச்மேன் ஓஸ் பைப்பால் தண்ணீர் அடித்தார். முன்கூட்டியே ஒரு கோடு போட்டு வைத்தேன். வெறும் அதிர்ஷ்டத்தால் இந்த வித்தியாசம் வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தைவிடக் குறைவாக இருந்தால் மட்டுமே துணியைக் குறை சொல்வேன். முதலாளியும் பிஜுவும் தலையாட்டினார்கள்.

புதியதில் பாதி ஒழுகியது. பழையதில் இரண்டு ஒழுகின.

பெண்கள் கைதட்டினார்கள். ஸ்டெல்லா அக்கா என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார், எலும்பு வலித்தது. நான் ஓடிப்போய்க் கணக்குப் போட்டேன். வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்துக்கும் மேல் வந்தது. திரும்பவும் போட்டேன். அதேதான்.

பத்துப் பத்துக் குடை போதவில்லை. இந்த அளவு ஏற்றத்தாழ்வு சும்மாவும் வரலாம்.

“என்ன சொல்லுது ஒன் கணக்கு?” என்றார் முதலாளி.

“துணியில குறைன்னு சொல்ல ஆதாரம் போதலை சார்.”

“அப்பம் துணி நல்ல துணி. தையல்தான் தப்பு. முடிஞ்சுதுல்லா?”

“இல்ல சார்! துணி நல்லதுன்னு நான் சொல்லலை. குறைன்னு நிரூபிக்க முடியலைன்னுதான் சொல்றேன்.”

“ரெண்டும் ஒண்ணல்லே மேடம்?” என்றார் பிஜு.

“ஒண்ணு இல்ல பிஜு. இருட்டுல சாவியத் தேடறோம், கிடைக்கலை. சாவி வீட்டுல இல்லைன்னு ஆயிடுமா? இன்னும் நல்லா வெளிச்சம் போட்டுத் தேடணும்.”

முதலாளி உள்ளே போய்விட்டார்.

முற்றத்தில் ஸ்டெல்லா அக்கா காத்திருந்தார். சொன்னேன். அவர் முகம் மாறியதைப் பார்க்கவே முடியவில்லை.

“அஞ்சு குடை ஒழுகினது உன் கண்ணுக்குத் தெரியல்லியா? துணியிண்ணு ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்? நீ எங்க பக்கமெண்ணுல்லா நெனச்சேன்.”

“நான் சும்மா சொன்னா, பிஜு நாளைக்கு நாலு குடையை நனைச்சு வேற மாதிரி காட்டுவார் அக்கா. அப்ப நான் சொன்னதுக்கு என்ன மதிப்பு? யாராலயும் அசைக்க முடியாத மாதிரி சொல்லணும். எனக்கு இன்னும் கொஞ்சம் குடை வேணும், அவ்வளவுதான்.”

“உனக்குக் குடை வேணும். எனக்கு வேலை வேணும்,” என்று சொல்லிவிட்டு அவர் போய் மெஷினில் உட்கார்ந்தார். அதன்பிறகு பல நாள் என்னோடு பேசவில்லை. நான் உள்ளே போனால் மெஷின் சத்தம் மட்டும் கூடும்.

வானத்தைப் பார்த்துக்கொண்டு

திரும்பவும் முதலாளியிடம் போனேன். இந்த முறை கையில் கணக்கோடு. வகைக்கு முப்பது குடையாவது வேண்டும். ஓஸ் பைப் மழை ஒரே பக்கமாக அடிக்கிறது, ஒரு குடைக்கு அதிகமும் ஒரு குடைக்குக் குறைவுமாக விழுகிறது. உண்மையான மழையில் நிறுத்த வேண்டும்.

“மழைக்கு நான் எங்க போவேன்?” என்றார்.

“எடவப்பாதி வரப்போறது சார். முதல் மழையிலேயே முடிச்சுடலாம்.”

நம் ஊரில் ஜூன் மழையை அப்படித்தான் சொல்வோம். இடவ மாதம் பாதியில் வரும் மழை. அந்த வருடம் அது தள்ளிப்போகும் என்றுதான் செய்திகள் சொல்லின. பாதிச் சரக்கு கோடவுனில் முடங்கிக் கிடந்தது. பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர்கள் போன் மேல் போன் போட்டார்கள். முதலாளி ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். பிறகு, “மொத மழையன்னைக்கு முடிவு. அதுவரைக்கும் தையல் செக்‌ஷன் ஓடட்டும்,” என்றார்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு மூச்சு வாங்குகிறது. எல்லோரும் வெயிலைத் திட்டினார்கள், நான் வானிலைச் செய்தியை ஒரு மணிக்கொருதரம் பார்த்தேன். கரமனையாற்றுக்கு மேலே ஒரு கறுப்பு மேகம் வந்தால் போதும், துணி காயப்போட்டிருப்பதைக்கூட மறந்து அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். “மழை வந்தா எல்லாரும் துணி எடுக்க ஓடுவா. நீ ஆபீசுக்கு ஓடப் போறாய்,” என்றார் ரமணி.

ஏற்பாடுகள் தயாராக இருந்தன. அறுபது குடைகளைச் சீட்டுக் குலுக்கி எடுத்தோம். எது எந்தத் துணி என்பதற்கு, குடை நுனியில் திருகும் உச்சிமூடிக்கு அடியில் வெளியே தெரியாதபடி ஒரு நூல் கட்டினேன். பழையதற்கு வெள்ளை, புதியதற்கு மஞ்சள். பிடித்து நிற்பவருக்குத் தன் கையில் இருப்பது எது என்று தெரியக் கூடாது. தெரிந்தால் கை தானாகச் சாயும்.

எவ்வளவு ஒழுகியது என்று அளக்க என்ன செய்வது? கடையில் ஒரே மாதிரியான தோர்த்து வாங்கினேன். மெல்லிய பருத்தித் துண்டு, ஈரத்தை அப்படியே குடிக்கும். ஒவ்வொருவரும் தன் குடையின் எண் எழுதிய ஒரு தோர்த்தை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு குடை பிடிக்க வேண்டும். முன்னும் பின்னும் பேக்கிங் தராசில் எடை போட்டால், இறங்கிய தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்துவிடும். எத்தனை குடை ஒழுகியது என்ற விகிதமும் கிடைக்கும், சராசரியாக எவ்வளவு ஒழுகியது என்பதும் கிடைக்கும். இரண்டையும் சோதித்துப் பார்க்கலாம்.

“பைப்பிலே நனைச்ச கணக்கும் இதுலே சேர்க்கலாமே மேடம்?” என்று பிஜு கேட்டார். பாவம், உதவி செய்வதாக நினைத்துத்தான் கேட்டார்.

“வேண்டாம் பிஜு. இது புதுசு. விடை பார்த்துட்ட கணக்கை இதோட கலந்தா நாம போட்ட கோட்டுக்கு மதிப்பிருக்காது.”

வந்தது மழை

ஒரு காலை. ரமணியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன். கழக்கூட்டம் நெருங்கும்போது வழக்கம்போல வண்டிகள் நகரவே இல்லை. திடீரென்று வெளிச்சம் குறைந்தது. யாரோ விளக்கை அணைத்த மாதிரி. கடல் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வந்து என் துப்பட்டாவை ரமணியின் முகத்தில் அடித்தது. தார் சாலையில் சூடான மண் வாசனை கிளம்பியது.

“இறக்கி விடுங்கோ!”

“இன்னும் தூரம் இருக்குடி!”

நான் இறங்கி ஓட ஆரம்பித்தேன். பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே, செருப்பு நழுவ, பை தோளில் குதிக்க. கம்பெனி கேட்டை எட்டும்போது முதல் துளி என் மூக்கில் விழுந்தது. அவ்வளவு பெரிய துளி, குளிர்ந்த துளி.

“மழை! எல்லாரும் வாங்கோ! மழை!”

ஷெட்டே அதிர்ந்தது. கம்பி கோப்பவர்கள், பேக்கிங்காரர்கள், டிரைவர்கள், கணக்கு எழுதும் அம்மா, எல்லோரும் வெளியே ஓடிவந்தார்கள். தோர்த்தும் குடையும் சீட்டுப்படி கைமாறின. ஆள் குறைந்தபோது, பக்கத்துக் கட்டிடத்தில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார்களைக் கெஞ்சிக் கூப்பிட்டேன். சிரித்துக்கொண்டே வந்தார்கள். பைக்கை நிறுத்திவிட்டு வந்து சேர்ந்த ரமணியின் கையிலும் ஒன்றைத் திணித்தேன். பிஜுவுக்கும் ஒரு சீட்டு வந்தது.

தையல் செக்‌ஷன் பெண்கள் கடைசியாக வந்தார்கள். ஸ்டெல்லா அக்கா என்னைப் பார்க்காமலே கையை நீட்டினார். குடையைக் கொடுத்தேன். தோர்த்தைத் தலையில் வைத்துக்கொண்டு, கோயில் தூண் மாதிரி நிமிர்ந்து நின்றார்.

வாட்ச்மேன் விசில் ஊதினார். அறுபது குடைகளும் ஒரே சமயத்தில் ‘டப்’ என்று விரிந்தன. அப்போது கொட்டியது பாருங்கள்! மழை முற்றத்தில் விழுந்து முழங்கால் உயரத்துக்குத் தெறித்தது. யாரும் அசையக் கூடாது என்று சொல்லியிருந்தேன், யாரும் அசையவில்லை. நெடுஞ்சாலையில் பஸ் ஜன்னல்களெல்லாம் எங்கள் பக்கம் திரும்பின. ஒரு கார் நின்றே விட்டது. தலையில் தோர்த்தும் கையில் கறுப்புக் குடையுமாக இத்தனை பேர் மழையில் ஒன்றும் பேசாமல் நின்றால் யாருக்குத்தான் பார்க்கத் தோன்றாது?

பாதி நேரத்தில் காற்று சுழன்று அடித்தது. “காத்து அடிக்குதே மேடம், அது கணக்கைக் கெடுக்காதா?” என்று பிஜு கத்தினார். “காத்துக்கு எது எந்தத் துணின்னு தெரியாது பிஜு! ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் அடிக்கும்!” என்று நான் பதிலுக்குக் கத்தினேன். நான் குடையில்லாமல் நின்றிருந்தேன் என்பதே அப்போதுதான் உறைத்தது. தலை முதல் கால் வரை நனைந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

கால் மணி நேரத்தில் மறு விசில்.

தராசுக்கு முன்னால்

பேக்கிங் அறையில் தோர்த்துகள் ஒவ்வொன்றாகத் தராசில் ஏறின. ஈரமானதைத் தொட்டாலே தெரிந்தது, ஆனால் அது எந்தத் துணிக் குடை என்று யாருக்கும் தெரியாது. எடையெல்லாம் எழுதி முடித்த பிறகுதான் உச்சிமூடிகளைத் திருகினோம். முதல் ஈரத் தோர்த்து, மஞ்சள் நூல். அடுத்தது மஞ்சள். அடுத்தது வெள்ளை. அப்புறம் மஞ்சள், மஞ்சள், மஞ்சள்.

லேப்டாப்பில் என் ஈர விரல்கள் வழுக்கின. எண்களைப் போட்டேன். முதலில் விகிதம். பிறகு சராசரி. சுற்றி நின்றவர்களின் மூச்சு என் கழுத்தில் பட்டது.

இரண்டிலும் விடை ஒன்றே. இந்த அளவு வித்தியாசம் வெறும் அதிர்ஷ்டத்தால் வருவதற்கு நூற்றுக்கு ஒன்றுகூட வாய்ப்பில்லை. நாங்கள் போட்ட கோட்டுக்கு வெகுதூரம் கீழே.

“சார்,” என்றேன். “இப்ப சொல்றேன் சார். புதுத் துணி பழைய துணியைவிடக் கூடுதலா ஒழுகறது. இதுல எனக்குத் தயக்கம் இல்லை.”

முதலாளி ஒரு மஞ்சள் நூல் குடையை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். பிஜு தன் தலையைத் தொட்டுப் பார்த்தார். நெற்றியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் பிடித்ததும் மஞ்சள்தான்.

“ஞான் வாங்கின துணி சார்,” என்றார் மெதுவாக. “பூச்சு கனமா இருக்குன்னு அவன் சொன்னதை நம்பிட்டேன். ஞான்தானே போய்த் திருப்பிக் கொடுத்துட்டு வரேன்.”

“போ. சும்மா வாயால சொல்லாத. இந்தத் தோர்த்தையும் கொண்டு போய்க் காட்டு,” என்றார் முதலாளி. பிறகு, கிசுகிசுப்பு இல்லாத தன் சாதாரணக் குரலில் எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: “தையல் செக்‌ஷன் எங்கயும் போகல்ல. பழைய துணிக்கு இன்னைக்கே ஆர்டர் போடுதேன்.”

பெண்கள் போட்ட கூச்சலில் தகரக் கூரையின் மழைச் சத்தம் கேட்கவில்லை. யாரோ என்னைத் தூக்கினார்கள். யாரோ முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ரமணி தன் தோர்த்தால் என் தலையைத் துவட்டினார். அது உலர்ந்தே இருந்தது.

ஸ்டெல்லா அக்கா கேட்டது

கூட்டம் கலைந்த பிறகு ஸ்டெல்லா அக்கா என் மேசைக்கு வந்தார். எதிரே உட்கார்ந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“அப்பம் எங்க தையல்ல ஒரு குற்றமும் இல்லேண்ணு ரிப்போர்ட்ல எழுதுவியா?”

எழுதுகிறேன் என்று சொல்ல வாய் துடித்தது. அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தேன். ஆனால் வெள்ளை நூல் குடைகளிலும் சில ஒழுகியிருந்தன. அதை நான் பார்த்திருந்தேன், அவரும் பார்த்திருந்தார்.

“அது எழுத முடியாது அக்கா. துணி ரெண்டுக்கும் வித்தியாசம் உண்டுன்னுதான் எழுதுவேன். தையல் எப்படின்னு இந்தச் சோதனையில நாம கேக்கவே இல்லையே.”

கோபப்பட்டு எழுந்து போவார் என்று நினைத்தேன். அவர் மேசைமேல் விரலால் தட்டினார். பிறகு அந்தப் பெரிய குரலில் சிரித்தார்.

“நீ ஒருநாளும் திருந்த மாட்டே, பிள்ளே.”

எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

“அந்தச் செங்கோட்டைக்காரன் வெளியே தச்சுக் குடுப்பேண்ணு மொதலாளிட்ட சொன்னாம்லா? அவன் தச்சதுல ஒரு முப்பது கேட்டு வாங்கு. துணி ரெண்டுக்கும் ஒண்ணுபோல இருக்கட்டும். நாங்க தச்சதுலயும் முப்பது எடு. நூலு கட்டு, சீட்டுப் போடு, என்ன வேணும்னாலும் செய். பாத்துருவோம்.”

“தோத்துட்டா அக்கா?”

“தோத்தா எழுது,” என்றார். “எப்பிடித் தைக்கணும்னு அவன்ட்ட கேட்டுக்கிடுதேன்.”

வெளியே மழை விடவேயில்லை. அவர் உள்ளே போய், “ஏ பிள்ளைகளே, தோர்த்தெல்லாம் பிழிஞ்சு காயப் போடுங்கட்டி, திரும்பவும் வேணும்!” என்று கத்தியது முற்றம் வரைக்கும் கேட்டது.